நாலு கப்பலும் இரண்டு பொட்டலமும்

1

இதைக் கதையாக எழுதத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசூர் பாகலூர் ரோட்டில் சுற்றுலா ஏஜென்சி வைத்திருக்கும் மோகன்குமார் என்னிடம் ஒரு விளம்பரக் கட்டுரை கேட்டான். விடுமுறைக்கு உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் எந்த வகைக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல வேண்டும். "கொஞ்சம் இலக்கியமாவும் இருக்கட்டும் சார், புரியற மாதிரியும் இருக்கட்டும்" என்றான். இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்கக் கூடாது என்பது பாவம் அவனுக்குத் தெரியவில்லை.

முதல் வரி: "கடல் நீலமாக விரிந்து கிடந்தது. அலைகள் ஒன்றையொன்று..."

ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அலையா? விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "உல்லாசக் கப்பல்கள் நான்கு வகைப்படும். அவையாவன..."

இதற்குக் கீழே மாதிரி வினாத்தாள்தான் வைக்க வேண்டும். இதையும் விட்டேன். மூன்றாவது தடவை பேனாவை எடுத்தபோது வெங்கடப்பன் வந்து உட்கார்ந்துகொண்டார். மோகன்குமாரின் வாடிக்கையாளர். அவரைக் கிளப்ப என்னால் முடியவில்லை.

2

வெங்கடப்பனுக்கு ராயக்கோட்டை பக்கம் ஊர். பாதி நிலம் கம்பெனிக்குப் போய்விட்டது. மீதியில் தக்காளி, வேலியோரம் அரளி, கொட்டகையில் மாடு. கடல் மேல் அவருக்கு எந்த ஆசையும் கிடையாது. அவர் கண்ணெல்லாம் பங்காளி சென்னப்பன் மேல்தான்.

சென்னப்பன் போன தீபாவளிக்குப் பெரிய கப்பல் ஒன்றில் போய்வந்தான். மேல்தளத்தில் வெள்ளைத் தொப்பி போட்டு நின்ற படம் இன்னும் அவன் போனின் முகப்பில் இருக்கிறது. குந்தாரப்பள்ளிச் சந்தையில் வெங்கடப்பன் ஒரு மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட நின்ற தரகர்கள் எல்லாம் மாட்டை விட்டுவிட்டு சென்னப்பனிடம் கப்பல் கதை கேட்கப் போய்விட்டார்கள். அவரும் மாடும் மட்டும் தனியாக நின்றார்கள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

[இந்த இடத்தில் பிரியா என்று ஒரு மகளை வைத்திருந்தேன். லேப்டாப்போடு வந்து அப்பாவுக்குக் கப்பல்களை விளக்குவாள். மோகன்குமாரே விளக்கும்போது அவள் எதற்கு என்று எடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டுதான் போனாள்.]

3

மோகன்குமார் வீட்டுக்கே வந்து டேப்லெட்டை விரித்தான்.

"இது பனிப்பிரதேசத்துக்குப் போற கப்பலுங்க. சுத்திலும் ஐஸ் மலை."

"ஐஸ் பாக்க என்னாத்துக்குக் கப்பலு? தக்காளி மண்டிக்குப் பின்னால ஐஸ் கம்பெனி இருக்குது. சும்மாவே பாக்கலாம்."

"சரிங்க. இது ஆத்துக் கப்பலு. ரெண்டு பக்கமும் கரை தெரியும், ஊரெல்லாம் பாத்துக்கினே போலாம்."

"கரை தெரிஞ்சா அது கப்பலாடா? பரிசலு."

மிச்சம் இரண்டு. ஒன்று, சென்னப்பன் போன மாதிரி பெரியது. நீச்சல் குளம், சறுக்கு மரம், நாடகக் கொட்டகை என்று ஒரு ஊரே மிதக்கும். இன்னொன்று சின்னது, கொஞ்சம் பேர்தான், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டுப் போட வேண்டும், கௌரவம் அதிகம். இங்கேதான் வெங்கடப்பன் திணறினார். பெரியதில் போனால் சென்னப்பனுக்குச் சமம், அவ்வளவுதான். சின்னதில் போனால் சென்னப்பனுக்கு ஒரு படி மேல்.

"ஆனா கொஞ்சம் பேருதான்னா, நான் கோட்டுப் போட்டுக்கினு நிக்கறத யாருடா பாக்கறது?"

காப்பி கொண்டுவந்த சரோஜம்மாள், வெங்கடப்பனின் மனைவி, தட்டைப் பிடித்தபடி கேட்டாள்: "தம்பி, ரூம்ல படுத்துக்கினே கடலு தெரியுங்களா?"

"பால்கனி ரூம்னா தெரியும்மா. அம்மாவுக்கும் சேத்து ரெண்டு டிக்கெட்டுங்களா?"

"ரெண்டுதான். எனக்கும் எங்க தம்பி வெங்கடசாமிக்கும்" என்றார் வெங்கடப்பன். "இவ வந்தா மாட்ட யாரு கறக்கறது?"

4

மோகன்குமாருக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் படியில் சரோஜம்மாளுக்கு அந்த ஒரே கேள்விதான் இருந்தது. அடுத்த பத்தியில் நீச்சல் குளத்தின் நீளத்தைப் பற்றி எழுதப் போய்விட்டேன். வெங்கடப்பனைக் கிண்டல் செய்ய வந்த ஆள் நான். அவராவது அவள் கையிலிருந்து காப்பியை வாங்கிக்கொண்டார், நான் அதைக்கூடச் செய்யவில்லை.

ஆகவே மாட்டைப் பற்றிச் சொல்கிறேன். அது ஆனேக்கல் பக்கத்திலிருந்து வாங்கிய மாடு. கன்னடம்தான் கேட்கும். சரோஜம்மாளுக்கும் தாய்வீடு அந்தப் பக்கம்தான். "நில்லே, நில்லே" என்று அவள் மடியைத் தொட்டால் மாடு சாதுவாக நிற்கும். வெங்கடப்பன் ஒரே ஒரு முறை தமிழில் கறக்கப் போனார். பால் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார்.

இதற்கு முன் வேறு மாடு, அதற்கு முன் வேறு. மாடு மாறியதே தவிர, கல்யாணமாகி வந்ததிலிருந்து சரோஜம்மாள் ஒரு ராத்திரி வெளியே தங்கியதில்லை. மகள் கல்யாணத்தன்றுகூட பட்டுப்புடவையோடு மண்டபத்திலிருந்து வந்து கறந்துவிட்டுத் திரும்பினாள். (மகளை எடுத்துவிட்டேன்தான். கல்யாணத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.)

கடலை அவள் பார்த்ததே இல்லை. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை. யாராவது கேட்டால்தானே?

5

முடிவெடுக்க முடியாதபோது வெங்கடப்பன் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் வைப்பார்கள். காரியத்தில் சம்பந்தமில்லாத யாராவது ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும்.

போர்வெல் போட, நிலம் விற்க, டிராக்டர் வாங்க, அவருக்கு எப்போதும் வெள்ளைதான் வந்திருக்கிறது. "அம்மா நம்ம பக்கம்" என்பார் நெஞ்சை நிமிர்த்தி.

பொட்டலம் கட்டுவது சரோஜம்மாள். இரண்டிலும் வெள்ளையைத்தான் கட்டுவாள். பக்திக் குறைவு ஒன்றும் இல்லை. சிவப்பு வந்துவிட்டால் மனுஷன் மறுபடி கேட்பார், அதற்கும் சிவப்பு வந்தால் வேறு கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவார். அதற்குள் கறவை நேரம் தப்பிவிடும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது வழக்கம். அதைக் கிணற்றில் போட்டுவிடுவாள். (இது எனக்கு எப்படித் தெரியும்? போன வரியை எழுதும்வரை எனக்கும் தெரியாது.)

பெரிய கப்பல் என்று நினைத்துக் கேட்டார். வெள்ளை வந்தது. பக்கத்தில் நின்ற சென்னப்பனுக்கு முகம் சுண்டிப்போனது.

அப்போது சரோஜம்மாள் சொன்னாள்: "கப்பலுக்குக் கேட்டாச்சு. போறது யாருன்னும் அம்மாவையே கேட்டுருவம்ங்க."

வெங்கடப்பன் சிரித்தார். "கேட்டுக்கோ. வெள்ள வந்தா நானும் வெங்கடசாமியும். செவப்பு வந்தா நீயும் உங்க அக்காவும் போங்க. நான் மாடு கறக்கறன்."

"பேச்சு மாறக் கூடாது."

"சென்னப்பன் சாட்சி. நாளைக்குக் காலையில பூ கட்டிக்கினு வா."

6

முடிவு அ (மோகன்குமார் கேட்டது): தம்பதிகள் கைகோத்து மேல்தளத்தில் நிற்கிறார்கள். சூரியன் மறைகிறது. கீழே ஏஜென்சியின் போன் நம்பர்.

மாட்டை யார் கறக்கிறார்கள் என்று கேட்டேன். "அது கட்டுரைக்குத் தேவையில்லீங்க சார்" என்றான். எத்தனை பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

முடிவு ஆ (என் கைவரிசை): சரோஜம்மாள் கிருஷ்ணகிரி அணைக்கட்டின் மேல் தனியாக நின்று, தண்ணீரைக் கடலாக நினைத்து, கண்ணில் நீர்...

"அழுதுகினு நிக்க நான் என்னாத்துக்கு டேமுக்குப் போறன்?" என்று அவளே குறுக்கே வந்துவிட்டாள். "உங்களுக்கு எழுத வரலன்னா சொல்லுங்க. நான் பூ பறிக்கணும்."

7

விடிந்துவிட்டது. கோயில் வாசலில் வெங்கடப்பன் புதுத் தொப்பியோடு நிற்கிறார். நேற்றே ஓசூருக்குப் போய் வாங்கிவிட்டார். தம்பி வெங்கடசாமி பெட்டிக்குப் பூட்டு வாங்குவதா, கயிறு கட்டுவதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சென்னப்பன் சாட்சி சொல்ல வந்திருக்கிறான், எல்லாருக்கும் முன்னாலேயே. சரோஜம்மாள் குளித்து, காலைக் கறவை முடித்து, இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாள்.

எடுக்கத்தான் ஆள் இல்லை. என்னை எடுக்கச் சொன்னார்கள். நான் இதற்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன், அதனால் மறுத்துவிட்டேன். இந்தக் காரியத்தில் சம்பந்தமில்லாத ஆள் நீங்கள்தான். ஆகவே கதையின் முடிவு உங்கள் கையில். கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பொட்டலத்தை வேண்டுமானாலும் எடுங்கள்.

பதற்றப்படாமல் எடுங்கள். காலையில் வேலியோரம் அவள் பூ பறிக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வெள்ளரளிச் செடிப் பக்கம் அவள் போகவே இல்லை.