லிஃப்டக்காவின் இடது முட்டி

லிஃப்ட் மெக்கானிக் வேலையில் ஒரு கொடுமை உண்டு. ஓடுகிற லிஃப்டுக்கு யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடமாட்டார்கள். நின்றுபோனதற்குத்தான் கூப்பிடுவார்கள், அதைப் பார்க்கப் படியேறித்தான் போயாக வேண்டும். இருபத்தாறு வருடம் இப்படி ஏறி இறங்கிய லிஃப்டக்காவுக்கு, ஐம்பத்திரண்டாவது வயதில் இடது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது.

காலையில் எழுந்தால் பத்து எட்டு வைக்கும்வரை கால் மடங்காது. சாயங்காலம் புஸ்ஸென்று வீங்கும், தொட்டால் சுடும். அலுவலகத்தில் அவள் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அங்கே புதிதாக ஒரு விதி வந்திருந்தது. ஐம்பது தாண்டிய மெக்கானிக்குகள் சூப்பர்வைசர் கண்ணெதிரே ஒன்பது மாடி ஏறிக் காட்ட வேண்டும். முடியாதவர்களுக்கு போன் எடுக்கிற நாற்காலி. நாளெல்லாம் அதில் உட்கார்ந்து, லிஃப்ட் நின்றுவிட்டதென்று கத்துகிறவர்களிடம் ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்வதைவிட ஜெயிலுக்குப் போகலாம் என்று அவள் நினைத்தாள்.

ஏறிக் காட்ட இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. அக்கா தன் தொழில் புத்தியைக் காட்டினாள். தேய்ந்த மெஷினை ஓட்டக்கூடாது. நிறுத்து, 'பழுது' என்று பலகை மாட்டு. அவள் கற்ற பாடம் அதுதான். வேறு ஏதோ காரணம் சொல்லி மூன்று வாரம் லீவு போட்டு, காலை நீட்டிப் படுத்துவிட்டாள். தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. வீட்டு வேலை மொத்தமும் தையற்காரரான புருஷன் தலையில் விழுந்தது. மனுஷன் முகம் சுளிக்காமல் செய்தார். அவர் சமையலை வாயில் வைக்க முடியவில்லை என்பது வேறு கதை.

மூன்று வாரம் கழித்து எழுந்து நின்றால், கால் கிடுகிடுவென்று நடுங்கியது. தையற்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து இரண்டு காலையும் அளந்து பார்த்தார்.

"இந்தக் கால்ல முட்டி ஒன்றரை அங்குலம் கூடியிருக்கு, தொடை ஒரு அங்குலம் குறைஞ்சிருக்கு. கிளம்பும்மா, டாக்டர்கிட்ட போவோம்."

டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். எலும்பின் நுனியில் வழவழப்பான மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்திருப்பது நிஜம்தான். ஆனால் பழியெல்லாம் தேய்மானத்துக்கு மட்டும் இல்லை. தேய்ந்து உதிர்ந்த துகள் மூட்டின் உள்ளுறையை உறுத்துகிறது. உறை கோபித்துக்கொண்டு வீங்குகிறது. அந்த அழற்சியில் சுரக்கிற ரசாயனம், மிச்சமிருக்கிற குருத்தெலும்பையும் அரிக்கிறது. அரித்தால் மறுபடி துகள், மறுபடி வீக்கம். போனது திரும்ப முளைக்காது. வீக்கத்தை அடக்கினால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

அதற்காகத்தானே தேய்ந்த மெஷினை நிறுத்துகிற மாதிரி காலை அசைக்காமல் வைத்திருந்தேன் என்று அக்கா பெருமையாகச் சொன்னாள்.

"மெஷினை நிறுத்துனா அப்படியே இருக்கும்மா. குருத்தெலும்புல ரத்தக்குழாய் கிடையாது. காலை மடக்கி நீட்டுனாத்தான் அதுக்குச் சாப்பாடே போகும். நீங்க மூணு வாரமா அதைப் பட்டினி போட்டிருக்கீங்க."

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரில் உள்ள அத்தனை லிஃப்டையும் ஓடவைத்தவள், சொந்தக் காலை ஓடவிடாமல் கெடுத்துவைத்திருந்தாள்.

அன்றிலிருந்து சில நாள் மாத்திரை, முட்டிக்கு ஐஸ் ஒத்தடம், உடம்பில் நாலு கிலோ குறைக்கச் சொல்லி உத்தரவு. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ண வேண்டும். எண்ணுகிற பொறுப்பைத் தையற்காரர் எடுத்துக்கொண்டார். தையல் மெஷினை மிதித்தபடியே உள்ளறையைப் பார்த்து அவர் சத்தமாக எண்ண, துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். சனிக்கிழமைதோறும் டேப் வந்தது. ஏழு வாரத்தில் முட்டி முக்கால்வாசி வடிந்தது, தொடை தேறியது. வலி மட்டும் முழுசாகப் போகவில்லை.

குறித்த நாளும் வந்தது. பராமரிப்புக்காக லிஃப்டை நிறுத்திவைத்திருந்த ஒரு கட்டடம். அதை ஓடவைக்கிற சுவிட்ச் ஒன்பதாவது மாடி மெஷின் ரூமில். சூப்பர்வைசருக்கு முப்பத்தேழு வயது. அந்த விதியை எழுதியவரும் அவர்தான். கையில் படிவத்தோடு கூடவே ஏறினார். அக்கா கைப்பிடியைப் பிடித்து நிதானமாக ஏறினாள். நாலாவது மாடியில் நின்றாள். அவரும் நின்றார். நல்ல மனுஷன், நமக்காக நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆறாவது மாடியில் அவர் பொத்தென்று படியில் உட்கார்ந்து, வலது முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார். அந்தப் பிடி அவளுக்குத் தெரியாததா?

அதுவரை சார் போட்டுக்கொண்டிருந்தவள் அதை மறந்தாள். "முட்டி சுடுதா தம்பி?"

அவர் தலையாட்டினார். கல்லூரியில் பந்து விளையாடும்போது பட்ட அடியாம். எட்டு மாதமாக வீங்கி வீங்கி வடிகிறதாம். வேலை போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

"அப்புறம் ஏன் இப்படி ஒரு விதியை எழுதுனீங்க?"

"எனக்கு ஐம்பது வர இன்னும் பதிமூணு வருஷம் இருக்கேன்னு நெனச்சேன்க்கா."

அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, மிச்ச மூன்று மாடியையும் தனியாக ஏறினாள். மெஷின் ரூமில் சுவிட்சைப் போட்டு, லிஃப்டில் ஆறாவது மாடிக்கு இறங்கிவந்து அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டாள். டாக்டரம்மாவின் விலாசத்தைச் சொன்னாள். காலை நிறுத்திமட்டும் வைத்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

லிஃப்ட் இறங்கும்போதே அவர் படிவத்தைச் சுவரில் வைத்து நிரப்பினார். 'பிறர் உதவியின்றி ஏறினார்' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, 'எனக்கும் உதவினார்' என்று சேர்த்தார்.

மேலதிகாரிகள் இதைப் படித்தால் உங்களைத்தானே கேட்பார்கள் என்று அவள் பதறினாள்.

"கேக்கட்டும்க்கா. விதியை எழுதுனவனாலயே ஏற முடியலைன்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

இத்தனை நாள் ஒளித்துவைத்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். ஊழியர் குறிப்பு என்று காலியாகக் கிடந்த கட்டத்தில், 'இடது முட்டியில் தேய்மானம் உண்டு. ஏறுவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.