வெறும் வயிற்று மாத்திரை

நான்கு ஞாயிறாக அன்னாள் நன்மை வாங்கப் போகவில்லை. பூசையில் சாமியார் கையால் அந்த நற்கருணை அப்பத்தை வாங்க எல்லாரும் எழுந்து வரிசையில் போக, என் பெண்டாட்டி மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலிலேயே இருந்தாள். எழுபத்தெட்டாம் வருஷம் அது. எங்கள் வில்லியனூர்ப் பக்கத்தில் ஒருத்தி நன்மை வாங்கவில்லை என்றால் சாவான பாவத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். பாஸ்கல் பெண்டாட்டிக்கு என்ன ஆச்சு என்று தெருவே குசுகுசுத்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? அதற்கு முந்தைய வருஷமெல்லாம் அவள் முகம் ஊதி, குரல் கரகரத்து, சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு கிடந்தபோது சோம்பேறிக் கழுதை என்று ஊருக்கே கேட்கக் கத்தியவன்தானே நான். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். விடிகாலையில் வெறும் வயிற்றில் தினம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீக்கம் வடிந்து அவள் முகம் பழையபடி ஆகத் தொடங்கியதும் சந்தேகம்தான் வந்தது. நான்காவது ஞாயிறு, வீடு திரும்பும் வழியில் கரும்புக் கொல்லையோரம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"யார்றீ அவன்?"

அவள் என்னைப் பார்த்தாள். கையை உருவிக்கொண்டு நடந்தாள். பதில் சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவிடம் போனோம். அன்னாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மெதுமெதுவா கரையற மாத்திரை எதனா இருக்குதாம்மா? சனிக்கிழமை போட்டா திங்கக்கிழமை வரைக்கும் தாங்கறாப்பல?"

நான் சிரித்தேன். "மாத்திரை முழுங்கக்கூட இவளுக்குச் சோம்பேறித்தனம் டாக்டரம்மா."

அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஏம்மா, ஞாயித்துக்கிழமை என்ன?"

"நன்மை வாங்கணும்மா. நடுராத்திரியிலேருந்து பச்சத்தண்ணி கூட படக்கூடாது. மாத்திரை போட்டா நோம்பு வுட்டுப்போவுது. போடாம இருந்தா நீங்க திட்டுவீங்க."

"சாமியாரைக் கேக்கலியா?"

"வெக்கமா இருந்திச்சிம்மா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீ போடுறதே மெதுவாதான் வேலை செய்யுதும்மா. ஒரு வாரம் உடம்புல தங்கும். வேற மாத்திரை எதுக்கு? ஞாயித்துக்கிழமை மட்டும் பூசை முடிஞ்சு வந்து போட்டுக்க. ஒரு மணி நேரம் கழிச்சு சாப்பிடு. அவ்ளோதான்."

மருந்து நோன்பை முறிக்காது, சட்டம் தளர்ந்து பல வருஷமாகிவிட்டது என்று பங்குச் சாமியார் பிற்பாடு சொன்னார். எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. அப்போதும் குற்றத்தை அவள் பக்கம் தள்ளத்தான் பார்த்தேன்.

"இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க இன்னான்னு கேக்கவே இல்லியே," என்றாள் அன்னாள். "யாருன்னுதான கேட்டீங்க."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து வர எனக்குத் தைரியமில்லை. நான் ஏறவில்லை.