ஏழாவது இழுப்பறை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. கள்ளக்குறிச்சி வட்டாரச் சிறப்பு நூலகர் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஆறு பக்க வரலாறு கேட்டார்கள். மூன்றாம் பக்கத்திலேயே வரலாறு மக்கர் பண்ணிவிட்டது. மிச்சம்தான் உங்கள் கையில் இருக்கிறது.

(சிறப்பு நூலகம் என்றதும் பளிங்குக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். ஒரே ஒரு தொழிலுக்கான புத்தகங்கள் இருக்கும் அறை, அவ்வளவுதான். ஆலையில் கரும்பைப் பற்றி, ஆஸ்பத்திரியில் வைத்தியத்தைப் பற்றி. பொழுதுபோக்க வந்தவர் பத்து நிமிஷத்தில் ஓடிவிடுவார்.)

முதல் தொடக்கம்: "1971ஆம் ஆண்டு, நூலகத் துறையின் மேன்மைக்காக அல்லும் பகலும்..."

எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது தொடக்கம்: "ராஜாம்பாளின் கார்டுகளில் கரும்புப் பாகு வாசனை அடிக்கும்."

இது பரவாயில்லை. இப்படியே போவோம்.

2

ராஜாம்பாள் ஒரு சர்க்கரை ஆலையின் நூலகர். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. சங்கத்தின் செயலாளரும் அவர்தான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆறு நூலகர்கள் ஒவ்வொருவர் இடத்திலும் முறை வைத்துக் கூடுவார்கள். புத்தகத்துக்கு ஒரு கார்டு என்று அடுக்கிய இழுப்பறையை அவரவர் மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருவார்கள். ஒருவர் கார்டை மற்றவர் நகல் எடுத்துக்கொள்வார். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது என்று நம்பிய ஆறு பேர். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பேசும்போது ராஜாம்பாளின் குரலே மாறிவிடுகிறது.

சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோதுதான் சிக்கல். ஏழு பேர் வேண்டும் என்றார்கள்.

"ஆறு பேருதான இருக்கோம், இன்னா பண்றது?" என்றார் தலைவர் அரங்கநாதன். வக்கீல்கள் நூலகத்துக்காரர்.

"மலை மேல கரியாலூர்ல ஒண்ணு இருக்குதுன்னு எழுதிடுங்க. யாரு ஏறிப் போய்ப் பாக்கப் போறாங்க?" என்றார் ராஜாம்பாள். விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

கரியாலூர் மலைப்பயிர் நூலகம் இப்படித்தான் பிறந்தது. நூலகர் பெயர் சின்னக்கண்ணு. கையெழுத்து அரங்கநாதனின் இடது கை. அப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் சின்னக்கண்ணுவின் பெயரைக் கூப்பிடுவார்கள். யாராவது ஒருவர் மூக்கால் "வந்துட்டேங்க" என்பார். டீ ஏழு வரும். ஏழாவதை முறை வைத்துக் குடிப்பார்கள். சின்னக்கண்ணுவின் பெயர் ஒட்டிய காலி இழுப்பறை ஒன்றும் வரிசையில் இருக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலி இழுப்பறையைப் பார்த்துக்கொண்டு ஒரு நூலகரால் சும்மா இருக்க முடியாது. ராஜாம்பாள் அதற்குப் பதினோரு கார்டுகள் டைப் அடித்தார். எல்லாம் இல்லாத புத்தகங்கள், ஆனால் இருந்திருக்க வேண்டியவை. நான்காவது கார்டு: 'கல்வராயன் மலைச் சாமை வகைகள்: எந்த ஊரில் எந்த விதை.' மற்ற ஐவரும் வழக்கப்படி அதையும் நகல் எடுத்துக்கொண்டார்கள்.

3

(இங்கே வருபவரை நான் உருவாக்கவில்லை. உருவாக்கியிருந்தால் இவ்வளவு நல்லவராக விட்டிருக்க மாட்டேன்.)

1979இல் ஒருவர் ஆலை நூலகத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வேளாண்மை அலுவலகத்து நூலகத்துக்குப் புதிதாக வந்த உதவியாளர், விவரம் தெரியாமல் நகல் கார்டைப் பார்த்து எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று அவர் கையில் இருந்தது.

"சடையன்ங்க. கரியாலூரு. ரெண்டு வருசமா மழ இல்ல, எங்க கருஞ்சாம வெத அத்துப்போச்சு. எந்த ஊருல இன்னும் வெச்சிருக்காங்கன்னு இந்தப் புத்தகத்துல இருக்குதாமே. எங்க ஊரு நூலகத்துலயே இருக்குதாம். நான்தான் பாத்ததில்ல போல. சங்கத்துச் செயலாளரு உங்களக் கேட்டா வாங்கித் தருவீங்கன்னாங்க."

அவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். கார்டைச் சந்தேகப்படவில்லை.

ராஜாம்பாள் சீட்டை வாங்கிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் பதிவு போகும், சங்கம் போகும், வேலையும் போகலாம். எல்லா நூலகரின் வாயிலும் தயாராக இருக்கும் வாக்கியம் தானாக வந்தது.

"வெளிய போயிருக்குதுங்க. அடுத்த மாசம் வாங்க."

அடுத்த மாதம் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார், ஒரு பாட்டில் தேனோடு.

"யாருங்க அந்தப் புத்தகத்த இவ்ளோ நாளா படிச்சிக்கினு இருக்குறது? அவருக்கும் அவசியம் இருக்கும். முடிச்சிட்டே தரட்டும்."

நான்காவது மாதம் சொல்லிவிடுவது என்று ராஜாம்பாள் முடிவு செய்தார். மாதம் முழுக்கச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே போகாமல் காத்திருந்தார். சடையன் வரவில்லை. விதைக்கும் பருவம் முடிந்துவிட்டிருந்தது.

மேலே போய்த் தேடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"போனேன் தம்பி, அடிவாரத்துல கச்சிராயபாளையம் வரைக்கும். மலைக்குப் போற பஸ்ஸு நின்னுக்கினுதான் இருந்துச்சு. வெக்கமா இருந்துச்சு. ஏறல."

4

இப்போது ராஜாம்பாள் தியாகதுருகத்தில் இருக்கிறார். மற்ற ஐவரும் காலமாகிவிட்டார்கள். வரலாறு கேட்கப் போன என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டார்.

"நீங்க கதையும் எழுதுவீங்களாமே. நாலாவது மாசம் அவரு வந்தாருன்னு எழுதிடுங்களேன்."

எழுதினேன்.

முடிவு ஒன்று: சடையன் வந்தார். ராஜாம்பாள் எழுந்து நின்று, "அப்படி ஒரு புத்தகமே கெடையாதுங்க, நாந்தான் பொய்யா டைப் அடிச்சேன்" என்றார். சடையன், "கார்டு இருக்குதில்ல. வாங்க, ஊரூரா கேட்டு எழுதிடலாம்" என்று

படித்துக் காட்டினேன். இந்த இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாதான் இருக்குது. கோடு போட்டு அடிச்சிடுங்க தம்பி. இல்லாதத இருக்குதுன்னு ஒரு தடவ எழுதினது போதும்."

அடித்துவிட்டேன். என்ன அடித்தேன் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் மேலே விட்டுவைத்திருக்கிறேன்.

முடிவு இரண்டு: மழை பெய்து, கருஞ்சாமை எங்கோ ஒரு பானையில்...

இல்லை. இதுவும் இன்னொரு கார்டுதான்.

5

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. உங்களில் யாரிடமாவது இருக்கலாம்.

நீங்கள் கரியாலூர்ப் பக்கத்துக்காரராக இருந்தால், சடையனையோ அவர் பிள்ளைகளையோ உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள். அந்தப் புத்தகம் வெளியே போகவில்லை. அது இருந்ததே இல்லை. அதை யாரும் படித்துக்கொண்டிருக்கவும் இல்லை. தியாகதுருகம் பஸ் நிலையத்தில் இறங்கி, ஆலை நூலகத்து ராஜாம்பாள் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். அந்தச் சீட்டு அவரிடம் பத்திரமாக இருக்கிறது.

முதல் ஞாயிற்றுக்கிழமை போனால் நல்லது. அன்றைக்கு அவர் இரண்டு டீ போடுகிறார்.