பிடியரிசிப் பை

பொன்மலர் ஜெயம்மாள் வீட்டு வாசலில் அரிசிப் பையை இறக்கி வைத்தபோது, உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. ஜெயம்மாளின் புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு சிரிப்பு.

சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது ஆம்பூர்ச் சபைப் பெண்களின் வழக்கம். சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய், பை வாயை விரித்துப் பிடித்து அதை வாங்கி, இல்லாதவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது பல வருஷங்களாகப் பொன்மலரின் வேலை. யார் வீட்டுக் கை தாராளம், யார் வீட்டில் விரலிடுக்கில் பாதி ஒழுகிவிடும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். மேஸ்திரி வீட்டில் புழுங்கலரிசி, டீச்சர் வீட்டில் பச்சரிசி, மற்ற வீடுகளில் ரேஷன் அரிசி. சிவப்பரிசி அவள் வீட்டிலிருந்து மட்டும்தான்.

ஜெயம்மாள் அழுதுகொண்டே வாங்கியிருந்தால் பொன்மலருக்கு மனசு ஆறியிருக்கும். அவளோ வீட்டுக்கு வரவேண்டியது வந்து சேர்ந்த மாதிரி வாங்கிக்கொள்வாள். போதகரின் மனைவி ஐயரம்மா அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுப் போகிறார். பொன்மலர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. ஜெபக் கூட்டத்தில் ஜெயம்மாள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். பை சுமக்கிறவள் பெயரை யார் சொல்கிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயர் பிரசங்கத்தில் சொன்னதும் முள்ளாகத் தைத்திருந்தது. வயலை அறுக்கும்போது ஓரத்தை விட்டுவிட வேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை. அந்த ஓரம் வயல்காரன் போடும் பிச்சை இல்லை, முதலிலிருந்தே அது எளியவனுடையது என்றார். அப்படியென்றால் இத்தனை வருஷம் தான் கொடுத்தது? அதில் தன்னுடையது என்று எதுவுமே இல்லையா?

பொன்மலர் வீட்டில் அவள் புருஷன் கிருபானந்தம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தோல் கம்பெனியின் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று பாதம் வெடித்து, வேலைக்குப் போய் நாளாகிவிட்டது. இப்போது அடுப்பில் கேழ்வரகுக் கூழ்தான். அரிசி அளந்தால்தானே பிடி எடுக்க? ஐயரம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் வீட்டுக்கும் அரிசி வரும். சொல்வதற்கு நாக்குத்தான் எழவில்லை. மற்றவர்களிடம் வாங்கியே பை நிறைந்ததால் தன் பிடி இல்லாதது யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தாள்.

"வாங்கக்கா, இன்னா வாசல்லயே நின்னுட்டீங்க?" ஜெயம்மாள் முறத்தோடு வந்தாள். "என் பெரிய பொண்ணு உங்கள மாதிரியே பை புடிச்சி நடந்து காட்னா. அதான் சிரிச்சிக்கினு இருந்தோம். கோவிச்சிக்காதீங்க."

"எனக்கு இன்னா கோவம்."

அரிசியை முறத்தில் கொட்டி ஜெயம்மாள் பரப்பினாள். விரல்கள் எதையோ தேடின.

"இந்த வாரமும் செவப்பரிசி காணோமேக்கா."

பொன்மலர் காலிப் பையை உதறினாள்.

"எல்லா வூட்டு அரிசியும் ஒண்ணா வேகாது. பச்சரிசி கொழஞ்சிடும், உங்க அரிசி மட்டும் கடைசி வரைக்கும் வெறச்சிக்கினு நிக்கும். பசங்க அதத்தான் பொறுக்கித் தின்னும். நாலு வாரமா கம்மியாயிக்கினே வந்துச்சி. அப்புறம் சுத்தமா இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "அண்ணனுக்குக் காலு இன்னும் ஆறலியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வேற கடையில வாங்குறோம்."

"சரிக்கா."

ஜெயம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு கலயத்தோடு வந்தாள். இந்த வீட்டில் கலயம் இருக்கும் என்று பொன்மலர் நினைத்ததே இல்லை, கேட்டதும் இல்லை.

"நீங்க குடுக்குறதுலருந்துதான் எடுத்து வெச்சேன். பைய புடிங்க."

பழகிய கைகள் தாமாகவே பையின் வாயை விரித்தன.

"இது சபைக்கு." ஒரு பிடி விழுந்தது. "இது உங்களுக்கு." இன்னொரு பிடி. அப்புறம் இன்னொன்று. "நான் வாங்கலியா? நீங்களும் வாங்குங்க. ஒண்ணும் கொறஞ்சிட மாட்டீங்க."

கொடுப்பது ஒன்றுதான் தனக்கென்று மிஞ்சியிருந்தது. அதையும் இவள் எடுத்துக்கொண்டாள். பொன்மலர் விறுவிறுவென்று நடந்தாள். பாலாற்று மணலில் இறங்கிய பிறகுதான் நின்றாள். மூன்று பிடியும் ஒரே பையில் விழுந்து கலந்து கிடந்தன. எது சபையுடையது, எது தன்னுடையது? கையை உள்ளே விட்டு, சபையின் பங்கைப் பிரிக்க ஒரு பிடி பிடித்தாள். ஜெயம்மாளின் பிடி இதைவிடப் பெரிது. பிடியைத் தளர்த்தவும் முடியாமல் வெளியே எடுக்கவும் முடியாமல், அரிசிக்குள் புதைந்த கையோடு அவள் மணலில் நின்றுகொண்டிருந்தாள்.