இரண்டு புட்டி

காலையில் சவரம் செய்யும்போது என் வீட்டுக்காரர் கீறிக்கொண்ட இடம் மதியம் வரை கசிந்துகொண்டே இருந்தது. தாடையில் அழுத்தியிருந்த துண்டை வாங்கிப் பார்த்தேன், ஊறிப்போயிருந்தது. "பிளேடு புதுசு, அதான்" என்றார். முழங்கையில் வேறு உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. லிஃப்டு ரிப்பேர் செய்கிறவர், எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பார் என்று முந்தின நாள்கூடக் கேலி செய்தேன். இப்போது கேலி வரவில்லை. அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அவர் இதயத்தில் இருப்பது உலோக வால்வு. அதில் ரத்தம் கட்டாமலிருக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். மற்ற எதில் சோம்பினாலும் அதில் மட்டும் மனிதர் படு கறார். அப்படிப்பட்டவரிடம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "மாத்திரைய ரெண்டு தடவை போட்டுட்டீங்களா? ரத்தம் உறையவே மாட்டேங்குதே!" என்றார்.

"இல்லவே இல்ல டாக்டர்."

"வேற ஏதாவது மருந்து, மூலிகை, எண்ணெய்?"

"ஒண்ணும் கிடையாது."

அவருடைய முட்டிவலிக்கென்று என் அண்ணன் ஒரு சின்னப் புட்டி வாங்கிவந்திருந்தார். சிபிடி எண்ணெய். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, ஆனால் போதை தராது என்றார். இவர் விட்டாரா? "ஏன் மச்சான், இந்த வயசுல என்னைக் கஞ்சா கேஸ்ல உள்ள தள்ளப் பாக்குறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டுக் குப்பையில் போட்டார். அண்ணன் முகம் சுண்டிப்போனது. அன்றே நான் அதைப் பொறுக்கியெடுத்துக் கழுவி, சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். தினமும் காலை டீயில் நாலைந்து சொட்டு. செடிதானே, என்ன செய்துவிடப்போகிறது? அவர் படியில் முனகாமல் ஏறியதைப் பார்த்து எனக்குள் பெருமை வேறு.

"சில சமயம் ஞாபகம் தப்பும்" என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

இவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். மிச்சத்தை எண்ணினார். திருப்பி எண்ணினார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார். தன்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், நான்தான். இவருக்குத் தெரியாம டீயில சிபிடி எண்ணெய் விட்டுக் குடுத்தேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "கல்லீரல்தாம்மா அந்த மாத்திரையக் கரைச்சு வெளியேத்தணும். இந்த எண்ணெய் அதைத் தடுத்துடும். மாத்திரை உள்ளேயே சேர்ந்துக்கிட்டே போகும். எவ்வளவு விட்டீங்க?"

"நாலஞ்சு சொட்டு."

"அதுக்கு இவ்வளவு ஏறாதே."

கத்தப்போகிறார் என்று என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். முகத்தில் ஈயாடவில்லை.

"நானும் குடிக்கிறேன்" என்றார். "உங்க அண்ணன்கிட்டயே கெஞ்சி இன்னொரு புட்டி வாங்கினேன். டூல்ஸ் பையில இருக்கு. வலி குறையுதேன்னு கூட்டிக்கிட்டே போனேன்."

"அப்போ டாக்டர் கேட்டப்ப ஏங்க சொல்லல?"

"நீ பக்கத்துல இருந்தியே!"

உயிர் போனாலும் பரவாயில்லை, பெண்டாட்டி முன்னால் தோற்கக் கூடாது. இப்படி ஒரு மனிதரோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நான் மட்டும் என்ன ஒழுங்காம்?

"தலைவலி இருக்கா?" டாக்டரம்மாவின் குரல் மாறியிருந்தது.

"ரெண்டு நாளா லேசா."

டாக்டரம்மா உடனே போனை எடுத்து, மூளையில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க ஸ்கேனுக்கு இடம் கேட்டார். ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குடி அழற? கல்யாணம் ஆனதுலேருந்து நாம ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பல்லிடுக்கெல்லாம் சிவப்பாக இருந்தது.