செர்ரிப்பட்டைக் கசாயம்

ஓக்கு மலையில் அன்று காலை யென்சி சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். வாழைக்குப் பின்னால் ஒன்றுக்குப் போன அவள் கணவர் கெமிங் நேரமாகியும் வரவில்லை.

"என்னங்க, ஆத்துல தண்ணி வருதா?"

"தூறல்தான்டி. நீ அடுப்பைப் பாரு, என் வானிலையைப் பாக்காத."

வருஷக்கணக்காக அவர்களுக்குள் நடக்கும் கேலி அது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவது வயதான ஆண்களுக்கு அந்த மலையில் சகஜமான கோளாறு. காட்டுச் செர்ரியின் பட்டையைக் காய்ச்சிக் குடித்து அவர் சமாளித்து வந்தார்.

மதியத்துக்குள் அவருக்கு அந்தத் தூறலும் நின்றது. அடிவயிறு கல்லாக வீங்கியது. முந்தின வார மழையில் பாதை அரித்துக் கிடந்ததால் கும்போ ஆஸ்பத்திரிக்குப் போக வாடகை பைக் எதுவும் கிடைக்கவில்லை. சேதி பரவியது. வந்தவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டுப் பட்டையைக் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள்.

"இது பழைய மரத்துப் பட்டை, மச்சான். ஒரே மடக்கு!" என்றார் பக்கத்து வீட்டு டாம்ஃபு.

கெமிங் யாருடைய கோப்பையையும் மறுக்கவில்லை. "உங்க பட்டைதான் எல்லாத்தையும் விடக் கசக்குதுய்யா" என்று வலியிலும் டாம்ஃபுவைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் சாயங்காலம்தான் பைக் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அடைச்சுக்கிட்டப்புறம் இவ்வளவு குடிக்க வச்சீங்களா? வெளிய போக வழியில்லாம உள்ளே ஊத்தினா என்னம்மா ஆகும்?" குழாய் வைத்தார்கள். அதற்குள் வெளியேறாத கழிவின் விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. விடியும் முன் அவர் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்த டாம்ஃபு யென்சியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "தங்கச்சி, நான் கொடுத்தது கொஞ்சமாவது கேட்டுச்சா?"

அவருக்கும் சொட்டுவது ஊருக்கே தெரியும். ஆமாம் என்றால் அவர் மனசு ஆறும். ஆனால் நாளைக்கு அவருக்கே அடைத்தாலும் அதையேதான் குடிப்பார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கலண்ணே. அடைச்சப்புறம் குடிச்சது கெடுதலாப் போச்சாம். எங்க யாருக்கும் தெரியல. நானும்தான் ஊத்தினேன்."

"நான்தானே ஒரே மடக்குன்னேன்..."

"அவர் உங்களைப் பாத்துச் சிரிச்சார்ண்ணே. அது பொய்யில்ல. ஆனா நீங்க, சொட்டுற வரைக்கும் பட்டை குடிங்க. நின்னுடுச்சுன்னா ஒரு வாய்கூட வேணாம். வெக்கப்படாம கூப்பிடுங்க, நாலு பேர் தோளில தூக்கிட்டாவது போறோம்."

அவர் வெகுநேரம் அழுதார். அவளும் அழுதாள்.

சொட்டுகிறவர்கள் பட்டை கேட்டு இன்றும் யென்சியின் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். எப்போது குடிக்கக் கூடாது என்பதையும் அவள் மறைக்காமல் சொல்வாள்.