சாமுவேல் பெரியப்பா வராத படம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியாகத்தான் கிடைத்தது. கேட்டது நான் இல்லை. காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சுயாதீனத் திரைப்பட விழா நடந்தது. ஒரு குறும்படம் முடிந்து விளக்கைப் போட்டதும், பின்வரிசை அம்மா ஒருவர் மைக்கை வாங்கிக் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க சாமுவேலண்ணன் எங்கம்மா?"

‘கதையிலிருந்து திரைக்கு’ என்ற கலந்துரையாடலில் பேச என்னை அழைத்திருந்தார்கள். (மேடையில் இருந்த அளவுக்குக்கூடக் கீழே ஆள் இல்லை. அதை விடுங்கள்.) வீட்டுக்குப் போனதும் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

பட்டு நூலின் மினுமினுப்போடு விடிந்தது காஞ்சிபுரம். கோபுரத்துப் புறாக்கள்—

நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் யாரும் பட்டு நெய்யப்போவதில்லை. புறாக்களுக்கும் வேலை இல்லை.

2

சுகாசினியிடமிருந்து தொடங்குகிறேன். முப்பதை நெருங்குகிறவள். கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது தொழில். ஊரில் யார் யார் அட்சதை போட்டார்கள், எந்த மாமா பந்தியில் கோபித்துக்கொண்டார், எல்லாம் அவள் லேப்டாப்பில் இருக்கும். மிச்ச நேரத்தில் சொந்தமாக ஒரு குறும்படம் எடுத்திருந்தாள். வேலைக்காக ஊரைவிட்டுப் போகிறாள் ஒரு மகள். அவளை வழியனுப்புகிறார் அப்பா. படம் முழுக்க அப்பாவுக்கு முகம் கிடையாது. உள்ளறையிலிருந்து வரும் குரல், பையை நீட்டும் கை, அவ்வளவுதான். கடைசியில், செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில், பஸ் போன பிறகுதான் அப்பாவின் முகத்தைக் காட்டுவாள் சுகாசினி.

அந்த முகம் சாமுவேலுடையது. சுகாசினியின் பெரியப்பா. டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

படப்பிடிப்பு அன்று பஸ் போனது. சுகாசினி "கட்" என்றாள். பெரியப்பா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அழுதார். எழுதி வைத்ததில் அழுகையே இல்லை. பெரியம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னா பெரியப்பா, இன்னா ஆச்சு?"

"நடிச்சேன்மா" என்றார்.

3

விழாவின் முதல் நாள் காலை, எடிட்டிங் பயிற்சிப் பட்டறை. மணமகள் அறையில் நடந்தது. நிலைக்கண்ணாடியை மறைத்துத் திரை கட்டியிருந்தார்கள். நடத்த வந்தவர் அலமு, சென்னையில் பல வருடமாகப் படங்களுக்கு எடிட்டர்.

[என் முதல் வரைவில் அலமு வில்லி. கறுப்புக் கண்ணாடி, அலட்சியமான சிரிப்பு எல்லாம் கொடுத்திருந்தேன். பிறகு யோசித்தால், அந்த அம்மாள் சொன்னது அத்தனையும் சரி. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.]

சுகாசினியின் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பஸ் போகிற இடத்தில் அலமு நிறுத்தினார்.

"இங்கயே படம் முடிஞ்சிடுச்சும்மா. இதுக்கப்புறம் வர்றது படம் இல்ல. யாரு அவரு?"

"எங்க பெரியப்பா மேடம்."

"அதான். உங்க பெரியப்பா அழுறாரு. உங்க படத்துல வர்ற அப்பா அழல."

சுகாசினிக்குக் காது சூடாயிற்று. கோபத்தால் இல்லை. இந்த விஷயம் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். இன்னொருவர் வாயால் கேட்டதுதான் புதிது. மத்தியானமே லேப்டாப்பைத் திறந்து அந்தக் காட்சியை எடுத்தாள். படம் பளிச்சென்று ஆனது. படத்தில் பெரியப்பாவுக்கு மிஞ்சியது ஒரு குரலும் ஒரு கையும்.

மறுநாள் பகலில் திரையிடல்.

4

இப்போது அவள் போய்ச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: போய்ச் சொல்கிறாள், பெரியப்பா தலையசைக்கிறார். கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. நீங்களும் நானும் வேறு வேலை பார்க்கலாம். இரண்டாவது விதம்: ‘உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்’ என்று அவர்— இல்லை, சாமுவேல் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை.

மூன்றாவது, நடந்தது. அதைச் சொல்கிறேன். சாயங்காலம் அவள் போனபோது பெரியப்பா புது வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, படத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"நானும் சொல்லணும். நம்ம தெருவுல எல்லாரும் வர்றாங்க. ஷேர் ஆட்டோ பேசிட்டேன். எதிர்வீட்டு ரேணுகாம்பாள் வேற, எனக்கு முன்வரிசை வேணும்னு சொல்லிக்கினு இருக்குது. அதென்ன சர்ச்சா, எடம் பிடிக்க? உள்ள வுடுவாங்க இல்ல?"

"வுடுவாங்க பெரியப்பா."

"நீ இன்னா சொல்ல வந்த?"

"ஒண்ணுமில்ல. பன்னெண்டு மணிக்கெல்லாம் வந்துடுங்க."

டீ குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

5

தெருவே வந்திருந்தது. ரேணுகாம்பாள் முன்வரிசை கிடைக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். விழாவை நடத்துகிற விக்ரம் மேடையேறி, "திரையை யாரும் செல்போன்ல எடுக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டான். எல்லாரும் தலையசைத்தார்கள்.

சுகாசினி திரையைப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் வந்தபோது தெரு கைதட்டியது. கை வந்தபோது, "அந்த மோதிரம் அண்ணனோடதுதான்" என்று யாரோ அடையாளம் சொன்னார்கள். பஸ் வந்தது. பஸ் போனது. பெயர்கள் ஓடின.

பிறகுதான் ரேணுகாம்பாள் மைக்கை வாங்கி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மண்டபம் சிரித்தது. சுகாசினி மைக்கைப் பிடித்தாள். ‘கலை ரீதியாக’ என்று ஆரம்பிக்கலாம். விழாக்களில் அந்தச் சொல்லுக்கு நல்ல மரியாதை. ஆரம்பிக்க வாய் வரவில்லை.

"நேத்து நான்தான் வெட்டிட்டேன். அவரு மோசமா நடிச்சதால இல்ல. நேத்தே அவருகிட்ட சொல்லப் போனேன், சொல்லாம வந்துட்டேன்."

சிரிப்பு நின்றது. சாமுவேல் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அழிச்சிட்டியாம்மா?"

"இல்ல பெரியப்பா. இருக்குது."

"அப்ப போடு. எப்படி இருக்குதுன்னு பாக்குறேன்."

சிறப்பு விருந்தினர் வாலாஜாபாத் பக்கம் டிராபிக்கில் மாட்டியிருந்ததால் விக்ரமுக்கு அரை மணி நேரத்தை எப்படியாவது ஓட்ட வேண்டியிருந்தது. போடச் சொன்னான்.

6

[அந்தக் காட்சியை வர்ணிக்க எனக்கு ஆசைதான். ‘கண்ணீர்த் துளி கன்னத்தின் சுருக்கத்தில்—’ என்று ஒரு வரிகூடக் கையில் இருந்தது. விட்டுவிட்டேன்.]

ஒரு மனிதர் பஸ் ஸ்டாப்பில் அழுகிறார். துடைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் காட்சி. கீழே அதே மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி பார்க்கிறார். அப்போது சுகாசினிக்கு ஜான்சன் ஞாபகம் வந்தது. ஜான்சன் பெரியப்பாவின் மகன். சில வருடங்களுக்கு முன்னால் ஏதோ சண்டையில் வீட்டைவிட்டு ஓசூருக்குப் போனான். இதே ஸ்டாப்பில்தான் பஸ் ஏறினான். பெரியப்பா வழியனுப்பப் போகவில்லை. அதன்பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. படத்தில் நடிக்க அவரை எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

விளக்கு வந்தது. பிறகு எல்லாரும் பேசினார்கள். இதுதான் படமே என்றார் ஒருவர். அலமு அசையவில்லை: "இப்பவும் சொல்றேன், வெட்டினது சரி." விக்ரமுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"சரி, கை தூக்கிடலாம். இந்தக் காட்சி படத்துல வேணும்னு சொல்றவங்க—"

"தம்பி" என்றார் சாமுவேல். "நான் அழுததுக்கு எலெக்‌ஷன் வெக்காதபா."

பாதி தூக்கிய கைகள் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கின. (என்னுடையதும்.)

7

சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் சாதம். சுகாசினி தட்டோடு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாரி பெரியப்பா."

"அந்தம்மா சொன்னது சரிதான். பாத்தா எனக்கே தெரியுது. ரொம்ப நேரம் அழுதுக்கினு இருக்கேன்." ஒரு வாய் சாப்பிட்டார். "கண்டக்டரா இருந்தவன்மா நான். எறங்குன்னா எறங்கிடுவேன். ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடி சொல்லணும் இல்ல? புதுச் சட்டைய வேற போட்டுக்கினு வந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ரேணுகாம்பாள் அப்பளத்தோடு வந்தார்.

"அண்ணே, கோச்சுக்காத. நீ அழுவுறத நான் போன்ல எடுத்தேன்."

"எடுக்கக் கூடாதுன்னாங்களே."

"படத்தைத்தான எடுக்கக் கூடாதுன்னாங்க. அதுதான் படத்துல இல்லையே." ரேணுகாம்பாள் அப்பளத்தை நொறுக்கினார். "ஜான்சனுக்கு அனுப்பிட்டேன்."

சாமுவேல் தட்டைக் கீழே வைத்தார். சுகாசினி அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டப்போகிறாரா, எழுந்து போகப்போகிறாரா, தெரியவில்லை. அவர் செய்தது வேறு. கை கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வரும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தார். ஈரக் கையை அந்த வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

இங்கே முடிவுகளை வரிசையாகக் கொடுப்பது இந்த மாதிரிக் கதைகளின் வழக்கம். அவர் எடுக்காமல் விட்டார் என்று ஒன்று. எடுத்தார், மகன் அழுதான் என்று ஒன்று. நான் எழுதியதிலேயே மோசமான பத்தி அது. ஜான்சன் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டான் என்றும் எழுதிப் பார்த்தேன். ஓசூர் அவ்வளவு பக்கத்தில் இல்லை.

நான் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி பார்த்தது இவ்வளவுதான். எடுத்தார். போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கமும் பேச்சு வரவில்லை போலிருக்கிறது, இவரும் பேசவில்லை. சுகாசினி பக்கத்திலேயே நின்றாள், தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அவர் வாய் திறந்து ஒரு சொல் சொன்னார். அவளுக்குக் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை. பின்னால் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னவள், அதை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். எதைப் போட்டாலும் தயவுசெய்து கை தூக்கச் சொல்லாதீர்கள்.

சுகாசினி அப்போது எங்கே வெட்டுவது என்று யோசிக்கவில்லையாம். நான் யோசித்தேன். இங்கே.